கொள்ளிடம் என்று சொன்ன பிறகு

“நேரா பதில் சொல்லுங்க ஜகன்னாத். அவ சொன்னாளா, சொல்லலையா?”

லாரியிலிருந்து வாழை இலைக் கட்டு ஒன்று குறைவாக இறங்கினால் காந்தி மார்க்கெட்டில் ஆனந்தவள்ளியின் குரல் எப்படி எழும்புமோ, அப்படி எழும்பியது. மன்னார்புரத்து ஓட்டல் மாடியில் ஏசி போட்ட அந்தச் சின்ன அறைக்கு அது ரொம்பவே பெரிய குரல். நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜகன்னாத் சாம்பாரில் ஊறிய வடையைக் கரண்டியால் இரண்டாக்கினான். நாற்பத்தைந்து வயது. மடிப்புக் கலையாத சட்டை. இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜர்.

“சொன்னா. இல்லேங்கலை. ஆனா சிரிச்சுண்டே சொன்னாம்மா. விளையாட்டுன்னு நெனச்சுட்டேன்.”

“நான் சிரிக்கல,” என்றாள் எதிரே இருந்த கலைமதி. “பயத்துல பல்லு தெரிஞ்சா அதுக்குப் பேரு சிரிப்பா?”

அவள் சொன்னது ஒரே ஒரு சொல். கொள்ளிடம்.

ஓட்டல்காரர்களைப் பொறுத்தவரை இவர்கள் கோயில் சுற்றுலாக் குழு. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கூடி, டிபன் சாப்பிட்டு, அடுத்த யாத்திரையைப் பேசி முடிவு செய்கிறவர்கள். உண்மையில் இவர்கள் எந்த யாத்திரையும் போனதில்லை. ஒருவர் ஆணையிட, இன்னொருவர் மனம் ஒப்பிப் பணிய, அதிலேயே இருவருக்கும் நிறைவு கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள். அப்படித் தெரிந்ததும், ஊரில் நம்மைப் போல இன்னொரு ஜீவன் இருக்காதா என்று தேடி அலைந்தவர்கள். இன்டர்நெட்டில் தேடினால் சென்னையில் இருந்தார்கள், பெங்களூரில் இருந்தார்கள். திருச்சியில் ஒருவரும் இல்லை. அதனால் ஆனந்தவள்ளி தானே ஒரு மேசையைப் போட்டாள். “டாமாம், சப்பாம், இங்கிலீஷ் பேரெல்லாம் எனக்கு வாயில நுழையாது. சொல்றவங்க, கேக்கறவங்க. அவ்வளவுதான்” என்பாள். அவள் சொல்கிறவள்.

மேசையில் எல்லாரும் சமம். இங்கே யாரும் யாருக்கும் ஆணையிடக் கூடாது. முதல் தடவை வருகிறவர்களுக்கு ஆனந்தவள்ளியே பாடம் நடத்துவாள். “முக்கொம்புல தண்ணி மிஞ்சிப் போனா என்ன செய்யறாங்க? கொள்ளிடத்துல திறந்து விடறாங்க. இல்லேன்னா ஊரு தாங்காது. மனுஷ உடம்பும் மனசும் அப்படித்தான். யாரு வாயிலேர்ந்து அந்தப் பேரு வந்தாலும் எல்லாத்தையும் அப்பவே விட்டுடணும். கட்டியிருந்தா அவுக்கணும். குடிக்கத் தண்ணி குடுத்துப் பக்கத்துல உக்காரணும். ஏன் சொன்னேன்னு கேக்கக் கூடாது. அவங்களா வாயைத் திறக்கற வரைக்கும் கேக்கவே கூடாது.”

இந்தப் பாடத்தைக் கலைமதியும் கேட்டாள், ஜகன்னாத்தும் கேட்டான். கலைமதி முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். உறையூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. முதல் தடவை வந்தபோது வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அரைமணி நின்றாள். ஆனந்தவள்ளிதான் இறங்கிப் போய், “உள்ள வந்து ஒரு காபி குடி. புடிக்கலேன்னா ஹெல்மெட்டோடயே போயிரு” என்று கூட்டி வந்தாள்.

“நீ முழுசா சொல்லும்மா கலைமதி,” என்றாள் அறிவுமதி. வாட்ஸப் குழுவைக் கவனித்துக்கொள்கிறவள் அவள். சச்சரவு வந்தால் நடுவில் உட்காருகிறவளும் அவளே.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? கையைக் கட்டச் சொன்னது நான்தான். அது என் விருப்பம். விரல் மரத்துப் போச்சு. கொள்ளிடம்னு சொன்னேன். ‘இன்னும் பாலமே வரலையே, அதுக்குள்ளயா’ன்னு சிரிச்சாரு. மறுபடியும் சொன்னேன். கேக்கல. அவருக்குப் போதும்னு தோணினப்ப அவுத்து விட்டாரு.” கலைமதி வலது கையை மேசைமேல் வைத்தாள். “மறுநாள் லேப்ல ஒரு தாத்தாவுக்கு ஊசி குத்தப் போறேன், விரல் பிடிக்க மாட்டேங்குது. ‘என்னம்மா, புதுசா?’ன்னு கேக்கறாரு. ஏழு வருஷமா இதே வேலை செய்யறேன்.”

“ஒரு தப்புக் கணக்கு. அதுக்கு ஸாரியும் சொல்லியாச்சு,” என்றான் ஜகன்னாத்.

“கணக்கு இல்லைங்க. காது.”

கதவு திறந்தது. சர்வர் அமிர்தசாமி காபித் தட்டோடு வந்தார். எல்லார் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு முளைத்தது, கல்யாண போட்டோவுக்கு நிற்பவர்கள் மாதிரி.

“என்ன மேடம், இந்த வாட்டி எங்க? நவக்கிரகம்னு போன தடவை பேசிக்கிட்டீங்களே? எங்கம்மா என்னைப் போட்டுப் பிடுங்கறாங்க, எனக்கும் ஒரு சீட் கேளுடான்னு.”

“இன்னும் முடிவாகலங்க,” என்றாள் ஆனந்தவள்ளி.

“முடிவானா சொல்லுங்க மேடம். வயசான மனுஷி, ஓரமா உக்காந்துட்டு வரும்.”

அவர் போய்க் கதவு சாத்தியதும் சிரிப்புகளும் சாத்திக்கொண்டன.

ஆனந்தவள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சௌரிராஜன் காபியைத் தொடவில்லை. ஸ்ரீரங்கத்து மனிதர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நெற்றியில் மெல்லிசாகத் திருமண். புதன்கிழமை மத்தியானங்களில் உறையூரில் ஆனந்தவள்ளியின் வீட்டுக்கு வருவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் அதைப் பித்தளைப் பெட்டியில் போட்டு மூடுவாள். பெட்டி மூடிய பிறகு அவள் கேட்டால் ஒழிய அவர் பேசுவதில்லை. அவள் சொன்னதைத் தட்டுவதுமில்லை. திரும்ப அவளே மணிக்கட்டில் கட்டிவிடும்போதுதான் அவர் மறுபடி வாத்தியார் ஆவார். இருபத்தைந்து வருஷம் பையன்களை அதட்டி அதட்டி அலுத்த தொண்டைக்கு அந்த மௌனம் மருந்து என்று இந்த மேசையில் அவர் ஒருதரம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அப்படிச் சொல்லவும் ஓர் இடம் இருக்கிறதே என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனந்தவள்ளிக்கும் புருஷன் போன பிறகு மூச்சு விடக் கிடைத்த இடம் இந்த மேசை ஒன்றுதான். இலை மண்டியில் அவள் முதலாளியம்மா, வீட்டில் மகனுக்கு அம்மா. அவள் அவளாகவே உட்காருகிற நாற்காலி இது.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

“விதி எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் அறிவுமதி. “புதுசா ஒருத்தர் வரணும்னா ரெண்டு பேர் ஜாமீன் நிக்கணும். வந்தவர் தப்புப் பண்ணினா, அவரோட சேர்ந்து ஜாமீன் நின்னவங்களும் எழுந்து போகணும். திரும்ப வர முடியாது.”

விதியைப் போட்டதே ஆனந்தவள்ளிதான். மண்டிப் பழக்கம். தெரியாத வியாபாரிக்குச் சரக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தெரிந்தவன் முன்னால் வந்து நிற்க வேண்டும். ஜகன்னாத்துக்கு முன்னால் வந்து நின்றவர்கள் இருவர்: ஆனந்தவள்ளி, சௌரிராஜன்.

“அப்படிப் பார்த்தா குழுவை ஆரம்பிச்சவாளே வெளியில போகணும்,” ஜகன்னாத் சிரித்தான். “நன்னா இருக்கு. ஒரு கயிறு கொஞ்சம் இறுகினதுக்கு இத்தனை பேரும் ஊர்கோலமா?”

“நீங்க பேசாதீங்க,” என்றாள் அறிவுமதி.

“ஏன் பேசப்படாது? அம்மாவைக் கேளுங்கோ. இந்த அம்மா சொல்லி நான் எதையாவது மீறியிருக்கேனா? வான்னா வந்தேன், உக்காருன்னா உக்கார்ந்தேன். தட்டு எடுத்து வச்சேன். ஒரு நாள் ‘நில்லு’ன்னா, காபி ஆறிப் போற வரைக்கும் நின்னேன். இல்லையாம்மா?”

ஆனந்தவள்ளிக்குச் சுருக்கென்றது. நிஜம்தான். ஓட்டலுக்கு வெளியே ஒரு நாள் அவனைச் சோதித்துப் பார்த்தாள். சொன்னதையெல்லாம் செய்தான். இவ்வளவு பணிவானவன் தன்னிடம் பணிகிறவளின் வார்த்தையையும் மதிப்பான் என்று எடை போட்டுவிட்டாள். கொழுந்து இலையைக் கையால் தடவியே நேற்று அறுத்ததா முந்தாநாள் அறுத்ததா என்று சொல்கிறவள், மனுஷனை மேல்கட்டு மட்டும் பார்த்து வாங்கிவிட்டாள்.

“எனக்குப் பணிஞ்ச,” என்றாள். “மேல இருக்கறவங்களுக்குப் பணியறதுக்குப் பெரிய மனசு வேண்டாம் ஜகன்னாத். ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க.”

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள் கலைமதி. அவள் கேட்டது ஜகன்னாத்தை அல்ல, சௌரிராஜனை. “நீங்களும் இவரும் ஒரே வீதி. இவரை எத்தனையோ வருஷமா தெரியும். நீங்க எதை நம்பி ஜாமீன் நின்னீங்க சார்?”

சௌரிராஜன் கடிகாரத்தின் வாரைத் திருகினார்.

“சொல்லுங்க,” என்றாள் ஆனந்தவள்ளி. “கேக்கறாள்ல?”

“நீங்க நிக்கச் சொன்னேள். நின்னேன்.”

“நான் சொன்னேன், சரி. உங்களுக்கு ஒரு அபிப்ராயம் இருக்கும்ல?”

“இருந்தது.”

“என்ன?”

“வேண்டாம்னு.”

மேசையே அவர் பக்கம் திரும்பியது. ஜகன்னாத் கரண்டியை வைத்தான். “மாமா, பார்த்துப் பேசுங்கோ.”

“பார்த்ததைத்தான் பேசறேன்,” என்றார் சௌரிராஜன். குரல் ஏறவில்லை. கரும்பலகையில் எழுதுகிறவர் போல ஒவ்வொன்றாக வைத்தார். “தை மாசம் இவன் கார்ல பின் சீட்ல இருந்தேன். முன்னால ஒரு பொண்ணு, அப்போ இவனோட பழகிண்டிருந்தவ. திருவானைக்கோவில் சிக்னல்ல, ‘என்னை இங்கயே இறக்கி விடுங்கோ’ன்னா. இவன் சிரிச்சான். திரும்பவும் சொன்னா. கதவை லாக் பண்ணிண்டு கொள்ளிடம் பாலம் வரைக்கும் ஓட்டிண்டு போய்த் திருப்பினான். வழியெல்லாம் அவ அழுதா.”

“நீங்க என்ன பண்ணீங்க?” கலைமதியின் குரல் கத்தி மாதிரி இருந்தது.

“ஒண்ணும் பண்ணலை. பின் சீட்ல உக்கார்ந்திருந்தேன்.”

“இதை எங்கிட்ட ஏன் சொல்லல?” ஆனந்தவள்ளி நாற்காலியோடு திரும்பினாள். “இவ்வளவு பெரிய விஷயத்தை வயித்துல வச்சுக்கிட்டு, மரம் மாதிரி நின்னு ஜாமீன் குடுத்தீங்களா?”

“நீங்க கேட்கலை.”

“கேக்கலைன்னா சொல்ல மாட்டீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“நீங்க சொன்னது புதன்கிழமை,” என்றார் சௌரிராஜன். “‘நான் ஜகன்னாத்துக்கு நிக்கறேன், நீயும் நில்லு’ன்னேள். அப்போ என் வாட்ச் உங்க பெட்டியில இருந்தது.”

வேறெந்த மேசையிலும் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்திருக்காது. இங்கே எல்லாருக்கும் புரிந்தது. பெட்டி மூடியிருக்கும்போது அவர் எதையும் தட்டுவதில்லை. அதுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்ட ஏற்பாடு. அந்த மத்தியானத்துக்குள் வைத்து, மேசையின் விஷயத்தைக் கேட்டிருக்கிறாள். கேட்கக்கூட இல்லை, சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் ஜாமீன் என்பது இரண்டு புத்தி வேலை செய்யட்டும் என்பதற்காக. இங்கே வேலை செய்தது ஒரே புத்தி.

“அப்ப ரெண்டு ஜாமீனே கிடையாது,” என்றாள் கலைமதி. “நீங்க ஒருத்தர்தான். ரெண்டு வாயால சொல்லியிருக்கீங்க. அதை நம்பித்தான் நான் கையை நீட்டினேன்.”

ஆனந்தவள்ளி காபி டம்ளரைத் தள்ளி வைத்தாள். மண்டியில் அவளை யாரும் இப்படி நிறுத்தியதில்லை.

“ரொம்ப சந்தோஷம்,” ஜகன்னாத் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். பணிவெல்லாம் சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழன்றுவிட்டது. “என்னை அனுப்பணும், அவ்வளவுதானே? அனுப்புங்கோ. ஆனா நான் போற வழியில சும்மா போக மாட்டேன். இந்தம்மா ஞாயித்துக்கிழமை எங்க வரா, புதன்கிழமை யார் வரான்னு காந்தி மார்க்கெட்ல ஒரு வார்த்தை போட்டா போதும். உன் இலையை யாரும் தொட மாட்டான். இவ ஊர்ல சொன்னா இவ அப்பன் அரிவாளைத் தூக்கிண்டு வருவான்.”

கலைமதியின் முகம் வெளுத்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

“சொல்லு,” என்றாள் ஆனந்தவள்ளி. “இலை சாயங்காலமானா வாடத்தான் செய்யும். காலையில வேற கட்டு வந்து இறங்கும். நான் எந்தக் காலத்துல ஊரு வாய்க்குப் பயந்து வியாபாரம் பண்ணேன்? ஆனா சொல்றப்ப முழுசா சொல்லு. ‘நானும் அங்க போனேன், அந்தம்மா நில்லுன்னா, காபி ஆற வரைக்கும் நின்னேன்’னு அதையும் சேர்த்துச் சொல்லு. உன் ஆபீஸ்ல கேக்கறவங்களுக்கு ரசமா இருக்கும்.”

“மிரட்டறயா?”

“நீ ஆரம்பிச்சத முடிச்சு வைக்கறேன். இந்தப் பொண்ணு பேரு உன் வாயில வந்துச்சுன்னு தெரிஞ்சா, உன் ஆபீஸ் வாசல்ல நானே வந்து உக்காருவேன். எனக்கு மானம் போறதப் பத்திக் கவலை இல்ல. உனக்கு இருக்கு. போ.”

அவன் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான். யாரும் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமலே போனான்.



“அறிவு, விதி விதிதான்,” ஆனந்தவள்ளி கைப்பையை எடுத்தாள். “நான் போறேன். ஆனா ஜாமீன் நின்னது நான் ஒருத்திதான். கலைமதி சொன்னது நியாயம். இவரு நான் சொன்னதுக்காக நின்னவரு. இவரு இங்கயே இருக்கட்டும்.” சௌரிராஜன் பக்கம் திரும்பினாள். “நீங்க இருங்க. எழுந்திருக்கக் கூடாது.”

“கொள்ளிடம்,” என்றார் சௌரிராஜன்.

பழகிய இந்த நாலு வருஷத்தில் அவர் அந்தச் சொல்லை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

திறந்திருந்த கதவு வழியாக அமிர்தசாமி தலையை நீட்டினார். “கொள்ளிடமா சார்? அதுக்கு எதுக்கு டூரு? டவுன் பஸ்லயே போயிட்டு வந்துரலாமே!”

யாரும் சிரிக்கவில்லை. அவர் காலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

ஆனந்தவள்ளி கைப்பையைக் கீழே வைத்தாள். ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கக் கூடாது. அவளே பாடம் நடத்திய விஷயம்.

சௌரிராஜன் தண்ணீரை எடுத்தார். வழக்கமாக அவள் ‘ம்’ என்றால்தான் வாயில் வைப்பார். இன்றைக்கு அவள் பக்கம் பார்க்காமலே குடித்து முடித்தார்.

“கார்ல பேசாம இருந்தவன் நான்,” என்றார். “அப்போ என் வாட்ச் என் கையிலதான் இருந்தது. யாரும் என்னைப் பேசாதேன்னு சொல்லலை. இங்கயும், ஜாமீன் நிக்கறேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னது என் வாய். அந்தத் தப்பையும் நீங்க உங்க பெட்டிக்குள்ள போட்டுண்டு போகப் பார்க்கறேள். அது என்னோடது. நான் குடுக்க மாட்டேன்.”

அவர் எழுந்து கலைமதியைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் திருப்பிக் கூப்பவில்லை.

“நன்றின்னெல்லாம் சொல்ல மாட்டேன்,” என்றாள் அவள். “நீங்க ரெண்டு பேரும் போறதால என் விரல் சரியாயிராது. ஆனா நான் எங்கயும் போக மாட்டேன். அடுத்த மாசமும் வருவேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.”

“வாம்மா,” என்றாள் ஆனந்தவள்ளி. “உன்னைக் கூப்பிட்டதுதான் நான் செஞ்சதுல உருப்படியானது.”

“அதையும் நீங்களே சொல்லிக்காதீங்க.”

படியில் இறங்கும்போதே கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தாள் அறிவுமதி. காபி டம்ளர் காயக்கூட நேரம் கொடுக்கவில்லை. சரிதான், விதியைப் போட்டவளுக்கு மட்டும் சலுகையா என்று ஆனந்தவள்ளி நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாலும் கண் கரித்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ‘புதன்கிழமை வருவீங்களா?’ என்ற கேள்வி அவள் தொண்டையில் வந்து வந்து முட்டியது. அந்தச் சொல்லைச் சொன்னவர் தாமாக வாயைத் திறக்கும் வரை மற்றவர் கேட்கக் கூடாது. புதன்கிழமையைப் பற்றி அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பஸ் வந்தது. எப்போதும் அவள் ‘போங்க’ என்ற பிறகுதான் அவர் படியில் கால் வைப்பார். சௌரிராஜன் மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார்.

“நாழியாச்சு,” என்று சொல்லி ஏறிவிட்டார்.

“நீங்க வரலையாம்மா?” கண்டக்டர் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு கேட்டார்.

“இல்ல. அவரு மட்டும்தான்.”

ஜன்னலோரத்தில் அவர் தலை தெரிந்தது. திரும்பிப் பார்த்தாரா, வெயிலுக்கு முகத்தைத் திருப்பினாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கி நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த பஸ்ஸே நிற்கும். அப்படிப்பட்ட குரல் அவளுடையது.

ஆனந்தவள்ளி வாயைத் திறக்கவில்லை. விசில் அடித்தது.